கதைப்பின்னலின் ஐந்து நிலைகள்: சிலப்பதிகாரத்தை வைத்து ஓர் எளிய விளக்கம்

கோவலன் புகாரில் பிறந்தான். கண்ணகியை மணந்தான். மாதவியிடம் போனான். திரும்பி வந்தான். மதுரைக்குப் போனான். அங்கே கொல்லப்பட்டான்.

இந்த வரிகளில் பொய் எதுவும் இல்லை. ஆனாலும் கேட்கிறவர் மனம் கலங்காது. ஒன்று நடந்தது, அப்புறம் இன்னொன்று நடந்தது, அப்புறம் வேறொன்று. அவ்வளவுதான்.

அதையே இப்படிச் சொல்லிப் பாருங்கள். மாதவியோடு இருந்த காலத்தில் குடும்பச் சொத்து கரைந்துபோனதால், கோவலனுக்குப் பிறந்த ஊரில் தலைகாட்டக் கூச்சம். அதனால் வேற்றூர் போய்ப் பிழைக்க நினைக்கிறான். கையில் முதல் இல்லை. அதனால் மனைவியின் சிலம்பை விற்க வேண்டிவருகிறது. அந்தச் சிலம்பு பார்வைக்குப் பாண்டிமாதேவியின் சிலம்பு மாதிரியே இருக்கிறது. அதனால் அவன்மேல் திருட்டுப் பழி விழுகிறது. அரசன் விசாரிக்காமல் தீர்ப்புச் சொல்லிவிடுகிறான். அதனால் கோவலன் வெட்டுப்படுகிறான்.

நிகழ்ச்சிகள் ஏறக்குறைய அவையேதான். ஆனால் இப்போது ஒவ்வொன்றும் முந்தையதிலிருந்து பிறக்கிறது. 'அப்புறம்' இருந்த இடத்தில் 'அதனால்' வந்துவிட்டது. கதைப்பின்னல் என்று சொல்வது இதைத்தான். கதை எழுதப் பழகுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்ல விரும்புவதும் இதுவே: நிலைகளின் பெயர்களை மனப்பாடம் செய்வதற்கு முன்னால் இந்த 'அதனால்' பிடிபட வேண்டும். அது பிடிபட்டால் நிலைகள் தாமாகக் கண்ணுக்குத் தெரியும். அது இல்லாமல் ஐந்து பெட்டி வரைந்து நிகழ்ச்சிகளை நிரப்பினால், ஐந்து பெட்டிதான் மிஞ்சும்.

நிலைகளை வகுத்தவர்கள்

கி.மு. 4ஆம் நூற்றாண்டில் கிரேக்க நாடகங்களைப் பற்றி எழுதிய அரிஸ்டாட்டில், முழுமையான கதைக்குத் தொடக்கம், நடு, முடிவு மூன்றும் வேண்டும் என்றார். இது எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று தோன்றும். ஆனால் அவர் தந்த விளக்கம் கூர்மையானது. தொடக்கம் என்பது, தனக்கு முன்னால் வேறொன்று கட்டாயம் நடந்திருக்கத் தேவையில்லாதது. ஆனால் தனக்குப் பின்னால் இன்னொன்று நடந்தே தீருவது. முடிவு அதற்கு நேர்மாறு. நடு என்பது இரண்டு பக்கமும் கட்டுண்டது. கதையை முடிச்சுப் போடும் பகுதி, அவிழ்க்கும் பகுதி என்று அவர் இரண்டாகவும் பிரித்தார். இன்றைக்கும் சினிமாக் கதை விவாதங்களில் 'முடிச்சு எங்கே?' என்று கேட்கிறார்களே, அதே முடிச்சு.

1863இல் ஜெர்மன் எழுத்தாளர் குஸ்தாவ் ஃப்ரைடாக் நாடக உத்திகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். கிரேக்க நாடகங்களையும் ஷேக்ஸ்பியரையும் படித்து, ஐந்து பகுதிகளைக் கண்டார்: அறிமுகம், ஏற்றம், உச்சம், இறக்கம், அழிவு. ஒரு முக்கோணத்தின் இடது அடியில் தொடங்கி, உச்சிக்கு ஏறி, வலது அடியில் இறங்குகிற மாதிரி ஒரு படமும் வரைந்தார். உலகம் முழுக்கப் பாடப்புத்தகங்களில் இருப்பது இந்தப் படம்தான். நம் பாடநூல்களில் வரும் தொடக்கம், வளர்ச்சி, உச்சம், வீழ்ச்சி, முடிவு என்ற வரிசையும் இதை ஒட்டியதே.

தமிழில் இதற்கு வெகுகாலம் முன்பே ஒரு வகுப்பு இருக்கிறது. சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்கு நல்லார், அரங்கேற்று காதை என்ற பகுதியின் உரையில், நாடகத்தின் ஐந்து நிலைகளைச் சொல்கிறார்: முகம், பிரதிமுகம், கருப்பம், விளைவு, துய்த்தல். வடமொழி நாட்டிய மரபிலும் சந்திகள் என்ற ஐந்து நாடகப் பகுதிகள் உண்டு. முதல் மூன்றின் பெயர்களும் அங்கிருந்து வந்தவைதாம். ஆனால் அடியார்க்கு நல்லார் அவற்றை விளக்குகிற விதம் வயல்காட்டிலிருந்து வருகிறது. உழுது பண்படுத்திய நிலத்தில் போட்ட விதை முளைப்பது முகம். முளை இலைவிட்டு நாற்றாவது பிரதிமுகம். நாற்று வளர்ந்து சூல்கொண்டு நிற்பது கருப்பம். கதிர் விரிந்து, மணி முற்றித் தலைசாய்வது விளைவு. அறுத்து, போரடித்து, தூற்றி, பொலியை வீட்டுக்குக் கொண்டுபோய் உண்டு மகிழ்வது துய்த்தல்.

1897இல் பரிதிமாற்கலைஞர் தம் 'நாடகவிய'லிலும், 1926இல் விபுலாநந்த அடிகள் ஷேக்ஸ்பியர் நாடகங்களை ஆராய்ந்த 'மதங்க சூளாமணி'யிலும் இந்த ஐந்தையும் எடுத்தாண்டார்கள். அதற்கப்புறம் பேச்சு குறைந்துவிட்டது. எனக்கு இது பெரிய இழப்பாகவே படுகிறது. முக்கோணத்தில் தெரியாத சில விஷயங்கள் இந்த நெல் வயலில் தெரிகின்றன. அடியார்க்கு நல்லார் உரை எழுதிய அதே காப்பியத்தை வைத்து அவற்றைப் பார்ப்போம்.

முகம்: விதை எங்கே விழுகிறது?

முதல் நிலையில் வாசகருக்குச் சில விஷயங்கள் தெரிந்தாக வேண்டும். யார், எங்கே, எப்படிப்பட்ட வாழ்க்கை. புதிதாக எழுதுகிறவர்கள் இங்கே அதிகமாகக் கொட்டிவிடுவார்கள். நாயகன் பிறந்தது, படித்தது, அவன் அப்பாவின் குணம், வீட்டின் அமைப்பு என்று இரண்டு பக்கம் போன பிறகும் எதுவும் நடந்திருக்காது.

இளங்கோவடிகள் செய்ததைப் பாருங்கள். கண்ணகிக்கு வயது பன்னிரண்டு, கோவலனுக்குப் பதினாறு, இரு வீடும் பெரிய வணிகக் குடும்பங்கள், இன்று கல்யாணம். முதல் பாட்டிலேயே இவ்வளவும் முடிந்துவிடுகிறது. அடுத்த காதையில் அவர்கள் நடத்திய இல்வாழ்க்கை. மூன்றாவது காதையில் மாதவி வந்துவிடுகிறாள்.

அந்த மூன்றாவது காதை நீளமானது. ஐந்து வயதில் தொடங்கி ஏழாண்டு பயின்றது, ஆடலாசிரியன், இசையாசிரியன், யாழாசிரியன் ஆகியோரின் தகுதிகள், அரங்கு எட்டுக் கோல் நீளம், ஏழு கோல் அகலம், ஒரு கோல் உயரம் என்ற அளவு உட்பட எல்லாம் வருகிறது. முதலில் படிக்கும்போது கதை நின்றுவிட்டது போலத் தோன்றலாம். ஆனால் மாதவி எவ்வளவு பெரிய கலைஞர் என்று நமக்கு இங்கே தெரியவில்லை என்றால், அவள் பின்னால் வெறும் மயக்குக்காரியாகத்தான் தெரிவாள்; கதை அப்புறம் ஒருபக்கம் சாய்ந்துவிடும். அறிமுகம் நீளலாம், குற்றமில்லை. பின்னால் வேலை செய்யப்போகிற விஷயத்துக்காக நீள வேண்டும்.

அந்தக் காதையின் கடைசியில் விதை விழுகிறது. ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன் விலையுள்ள மாலையை ஒரு கூனி, பணக்கார இளைஞர்கள் திரியும் தெருவில் நின்று விற்கிறாள். வாங்குகிறவனுக்கு மாதவி. கோவலன் வாங்குகிறான். ஒரு தெருவில் நடந்த ஒரு கொள்முதல். அத்தனை பெரிய காப்பியமும் அதிலிருந்து கிளம்புகிறது. கதைப் பட்டறைகளில் 'தூண்டும் நிகழ்வு' என்பார்கள். அது சத்தமாக இருக்க வேண்டியதில்லை. அதற்குப் பிறகு பழைய வாழ்க்கை பழையபடி தொடர முடியாது என்பதுதான் முக்கியம்.

இன்னொரு விதையும் இங்கேயே போடப்படுகிறது. யாரும் எளிதில் கவனிப்பதில்லை. நான்காவது காதையில், கோவலன் மாதவியோடு இருக்கும் மாலைப்பொழுதில், கண்ணகியின் நிலையைச் சொல்கிற வரி 'அஞ்செஞ் சீறடி அணிசிலம்பு ஒழிய' என்று தொடங்குகிறது. அழகிய சிவந்த அடிகளில் சிலம்பு இல்லை. பிரிவுத் துயரில் இருப்பவள் நகை அணியவில்லை என்று நாம் அதைக் கடந்துபோகிறோம். ஆனால் கழற்றி வைத்த அந்தச் சிலம்புதான் சொத்தெல்லாம் கரைந்த பிறகும் மிஞ்சுகிறது. அதுதான் மதுரைக்குப் போகிறது. நல்ல கதைகளில் முடிவை உண்டாக்கும் பொருள், முதல் பகுதியிலேயே நம் கண் முன்னால் சாதாரணமாகக் கிடக்கும்.

பிரதிமுகம்: வழிகள் அடைபடுகிற நேரம்

இரண்டாம் நிலையை 'ஏற்றம்' என்கிறோம். எது ஏறுகிறது? பலரும் பரபரப்பு ஏற வேண்டும் என்று நினைத்து, சண்டை, விபத்து, அழுகை என்று அடுக்குவார்கள். என் பார்வையில், ஏற்றம் என்பது திரும்பிப் போகும் வழிகள் ஒவ்வொன்றாக அடைபடுவது. அதுவும் பாத்திரங்களே தங்கள் குணத்தால் அடைப்பது.

இந்திர விழா முடிந்து கடற்கரையில் கானல்வரி. கோவலன் யாழை மீட்டிப் பாடுகிறான். வேறு பெண் ஒருத்தியை நினைத்துப் பாடுகிறானோ என்று மாதவிக்குத் தோன்றுகிறது. பதிலுக்கு அவளும் வேறொருவன்மேல் மனம் வைத்தவள் போலப் பாடுகிறாள். அவன் அதை உண்மை என்று எடுத்துக்கொண்டு எழுந்து போய்விடுகிறான். மாதவி தாழை மடலில் கடிதம் எழுதித் தன் தோழி வசந்தமாலையிடம் கொடுத்தனுப்புகிறாள். கோவலன் வாங்க மறுக்கிறான். ஒரு வழி அடைபட்டது.

புகாரில் தோழி தேவந்தி கண்ணகியிடம் வருகிறாள். சோமகுண்டம், சூரியகுண்டம் என்ற பொய்கைகளில் நீராடிக் காமவேள் கோட்டத்தைத் தொழுதால் கணவன் திரும்புவான் என்கிறாள். கண்ணகியின் பதில் ஒரே சொல்: 'பீடன்று'. அது பெருமை இல்லை என்கிறாள். இன்னொரு வழி அடைபட்டது. இதை அடைத்தவள் கண்ணகி. இவளுக்குள் வளையாத ஒன்று இருக்கிறது என்று நமக்கு முதன்முதலாகத் தெரிவதும் இங்கேதான். பாண்டியன் அவையில் நின்று பேசப்போகிறவள், வீட்டுக்குள் மெதுவாகப் பேசிக்கொண்டிருக்கும்போதே நமக்குக் காட்டப்பட்டுவிட்டாள்.

சற்று நேரத்தில் கோவலன் வீட்டுக்குள் வருகிறான். பொருளைத் தொலைத்ததைச் சொல்லி வெட்கப்படுகிறான். மாதவிக்குக் கொடுக்கப் பொருள் இல்லாமல் வருந்துகிறான் என்று நினைத்த கண்ணகி, சிரித்த முகத்தோடு 'சிலம்புள கொண்ம்' என்கிறாள். சிலம்பு இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். அவன் அதை முதலாக வைத்து மதுரையில் வாணிகம் செய்து இழந்ததை மீட்கலாம் என்கிறான். விடியும் முன்பே புறப்பட்டுவிடுகிறார்கள். பெற்றவர்களிடம் சொல்லவில்லை. மூன்றாவது வழியும் அடைபட்டது.

இந்தப் பகுதியில் வாள் இல்லை, இரத்தம் இல்லை. ஒரு பாட்டு, ஒரு கடிதம், ஒரு மறுப்பு, ஒரு சிரிப்பு. ஆனால் அவர்கள் ஊர் எல்லையைத் தாண்டும்போது இனி என்ன ஆகுமோ என்று நமக்குப் பதைக்கிறது. ஏற்றம் அங்கே நடந்துவிட்டது.

கருப்பம்: அமைதியாகத் தெரியும் நடுப்பகுதி

எழுதுகிறவர்கள் அதிகம் தடுமாறுவது நடுவில்தான். தொடக்கம் உற்சாகமாக வந்துவிடும், முடிவும் மனதில் இருக்கும். நடுவில் என்ன செய்வது என்று தெரியாது. முக்கோணப் படம் இங்கே அதிகம் உதவுவதில்லை. அது 'ஏறிக்கொண்டே இரு' என்கிறது. வயல் வேறு ஒன்றைச் சொல்கிறது: வெளியே பார்த்தால் பச்சைப் பசேல் என்று அமைதியாக நிற்கும் பயிருக்குள் கதிர் உருவாகிக்கொண்டிருக்கிறது.

மதுரைக்கு நடக்கும் வழியில் கவுந்தியடிகள் என்ற சமணப் பெண் துறவி துணை சேர்கிறார். காவிரிக் கரையின் செழிப்பு வருகிறது, காடு வருகிறது, வேட்டுவர் வழிபாடு வருகிறது. கோசிகன் என்ற அந்தணன் மாதவியின் இன்னொரு கடிதத்தோடு கோவலனைத் தேடி வந்து சேர்கிறான். இம்முறை கோவலன் படிக்கிறான். மாதவிமேல் தவறில்லை, தவறு என்னுடையது என்று உணர்கிறான். அந்தக் கடிதத்தையே தன் பெற்றோருக்குக் கொடுத்தனுப்புகிறான். முன்பு மறுத்த அதே மனிதன் மாறியிருக்கிறான். மதுரைக்கு வெளியே மாதரி என்ற இடைக்குல மூதாட்டியின் வீட்டில் அடைக்கலம் கிடைக்கிறது. மதுரையில் காலூன்றி இவர்கள் வாழ்ந்துவிடலாம் என்ற நம்பிக்கை நமக்கும் வருகிறது.

அப்புறம் அந்தச் சமையல் காட்சி. மாதரி காய்கறியும் அரிசியும் பாத்திரமும் கொண்டுவந்து தருகிறாள். வேலை பழகாத கையால் கண்ணகி காய் அரிகிறாள். விரல் சிவக்கிறது, முகம் வியர்க்கிறது. குருத்து வாழை இலை விரித்துக் கோவலனுக்குப் பரிமாறுகிறாள். சாப்பிட்டு முடித்து வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டவன், இவ்வளவு தூரம் உன்னை நடக்க வைத்தேனே, பெற்றவர்கள் என்ன பாடுபடுகிறார்களோ என்று அவளிடம் மனம்விட்டுப் பேசுகிறான். இந்தக் காப்பியத்தில் இருவரும் இவ்வளவு நெருக்கமாகப் பேசுவது இங்கேதான். பேசிவிட்டு ஒரு சிலம்பை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்குகிறான்.

இந்தக் காதையின் பெயர் கொலைக்களக் காதை. சமையலும் கொலையும் ஒரே காதைக்குள் இருக்கின்றன. இளங்கோ இதைத் தெரிந்தே செய்திருக்கிறார் என்று நான் உறுதியாக நம்புகிறேன். நம்பிக்கை மிக அதிகமாக இருக்கும் இடத்தில் திருப்பம் வந்தால்தான் அது தாங்க முடியாததாகிறது. உங்கள் கதையின் நடுப்பகுதி தொய்கிறது என்றால், அங்கே ஒரு சண்டையைச் சேர்க்காதீர்கள். நம்பிக்கையைச் சேர்த்துப் பாருங்கள்.

விளைவு: உச்சம் எது?

கொலையின் காரணச் சங்கிலியைக் கிட்டத்தில் பார்ப்போம். அரசன் ஆடல் மகளிரின் கூத்தில் லயித்துவிட்டான் என்று ஊடிய கோப்பெருந்தேவி, தலைவலி என்று எழுந்து போய்விடுகிறாள். அரசன் சமாதானப்படுத்த அவள் அரண்மனையை நோக்கிப் போகிறான். அரசியின் சிலம்பைத் தானே திருடியவனும், கோவலன் தன் சிலம்பை விற்கக் காட்டியவனுமான பொற்கொல்லன் சரியாக அந்த நேரத்தில் வாசலில் வந்து விழுகிறான்: திருடன் என் குடிலில் இருக்கிறான். அரசனுக்கு அப்போது வேண்டியதெல்லாம் அரசியின் கோபம் தணிவது. காவலரைக் கூப்பிட்டு, சிலம்பு அவன் கையில் இருந்தால் கொன்று அதை இங்கே கொண்டுவாருங்கள் என்கிறான்.

காவலர்கள் கோவலனைப் பார்த்ததும் தயங்குகிறார்கள். இவன் கொலைப்படத் தக்கவன் இல்லை என்கிறார்கள். இன்னும் ஒரு வழி திறந்திருக்கிறது! பொற்கொல்லன் உடனே கள்வர்களின் தந்திரங்களைப் பற்றி விரிவாகப் பேசி அவர்களைக் குழப்புகிறான். பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே, குடிபோதையில் இருந்த ஒருவன் வாளை ஓங்கிவிடுகிறான். ஊடல், அவசரம், வஞ்சகம், போதை. ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் சின்ன விஷயம்.

சரி, இதுதானா உச்சம்? பலரும் ஆம் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உச்சம் என்பது கதை எழுப்பிய கேள்விக்குப் பதில் கிடைக்கும் இடம். அதற்குப் பிறகு எதையும் மாற்ற முடியாது. கோவலன் இறந்ததும் கேள்விதான் முழு உருவம் பெறுகிறது. கண்ணகி கதிரவனைப் பார்த்து, கள்வனோ என் கணவன் என்று கேட்கிறாளே, அதுதான் கேள்வி. அரசன் செய்தது நீதியா? பதில் வழக்குரை காதையில் கிடைக்கிறது.

அங்கே நடப்பது மிகச் சுருக்கமானது. கண்ணகி தன் சிலம்பின் உள்ளே இருக்கும் பரல் மாணிக்கம் என்கிறாள். அரசன் எங்கள் சிலம்பின் பரல் முத்து என்று சொல்லி, கைப்பற்றிய சிலம்பைக் கொண்டுவரச் செய்து அவள் முன் வைக்கிறான். அவள் உடைக்கிறாள். ஒரு மணி தெறித்து அரசன் முகத்தில் படுகிறது. 'யானோ அரசன் யானே கள்வன்' என்கிறான். அங்கேயே உயிர் விடுகிறான்.

அரிஸ்டாட்டில் இரண்டு விஷயங்களைப் பெரிதாகச் சொன்னார்: நிலைமை தலைகீழாவது, தெரியாதிருந்தது தெரியவருவது. இரண்டும் ஒரே கணத்தில் நடந்தால் அதுவே சிறந்த பின்னல் என்றார். இங்கே நீதிபதி குற்றவாளியாவதும், அவன் தன்னை அறிவதும் ஒரே மணி தெறிக்கும் நேரத்தில் நடக்கின்றன. காதையின் தொடக்கத்தில் அந்த மணி இருப்பது கண்ணகிக்கு மட்டும்தான் தெரியும்.

ஒரு குழப்பத்தையும் இங்கே தீர்த்துவிடலாம். நாம் 'கிளைமாக்ஸ்' என்றால் படத்தின் கடைசிப் பதினைந்து நிமிடத்தை நினைக்கிறோம். ஃப்ரைடாக்கின் முக்கோணத்தில் உச்சம் நடுவில் இருக்கிறது. ஏறிக்கொண்டிருந்த நாயகனின் கை அங்கே இறங்கத் தொடங்கும். இரண்டும் வேறுவேறு பொருள்கள். பாடநூலில் முக்கோணத்தைப் படித்துவிட்டுச் சினிமாவில் தேடினால் இடம் பொருந்தாது. உங்கள் தவறல்ல. நம் படங்களில் ஃப்ரைடாக் சொன்ன நடுத்திருப்பத்துக்குப் பக்கத்தில் வருவது, இடைவேளைக்கு முன் வைக்கிற 'இன்டர்வெல் பிளாக்'தான்.

துய்த்தல்: அதற்கப்புறம் ஏன் பத்துக் காதை?

சிலப்பதிகாரத்தில் மொத்தம் 30 காதைகள். வழக்குரை காதை இருபதாவது. அதாவது அரசன் விழுந்த பிறகும் மூன்றில் ஒரு பங்கு மிச்சம். மதுரை எரிகிறது, மதுராபதித் தெய்வம் முற்பிறப்புக் கதை சொல்கிறது, கண்ணகி வேங்கை மர நிழலில் நின்று பதினான்காம் நாள் கோவலனோடு விண்ணுக்குப் போகிறாள். பிறகு வஞ்சிக் காண்டம் முழுவதும் சேரன் செங்குட்டுவனின் வடநாட்டுப் படையெடுப்பு, கண்ணகி சிலைக்கு இமயத்துக் கல், அதைக் கங்கையில் நீர்ப்படுத்தல், கோயில், வழிபாடு.

முக்கோணத்தை வைத்துப் பார்த்தால் இது அளவுக்கு மீறிய வால். வஞ்சிக் காண்டம் தேவையில்லாதது, பின்னால் ஒட்டவைத்தது என்று சொல்பவர்களும் உண்டு. ஆனால் ஃப்ரைடாக் எந்த நாடகங்களைப் பார்த்தாரோ அவற்றில் முடிவு என்பது அழிவு. நாயகன் வீழ்ந்ததும் திரை விழும். அடியார்க்கு நல்லார் சொல்வதில் கதிர் முற்றுவது நான்காம் நிலைதான். களத்தில் நெல் கிடந்தால் வேலை முடியவில்லை. அறுக்க வேண்டும், அடிக்க வேண்டும், தூற்ற வேண்டும், ஊர் உண்ண வேண்டும். கண்ணகிக்கு நேர்ந்தது ஒரு குடும்பத்தின் துயரம் என்ற அளவில் நின்றுவிடாமல், அது ஊருக்கும் நாட்டுக்கும் என்னவாக ஆனது என்று சொல்ல இன்னொரு காண்டம் தேவைப்பட்டது. வஞ்சிக் காண்டத்தில்தான் செய்தி இரு வீட்டுப் பெற்றோருக்கும் என்ன செய்தது, மாதவி என்ன ஆனாள், மாதரி என்ன ஆனாள் என்று தெரியவருகிறது. மாதரி தீயில் விழுந்துவிட்டாள். அடைக்கலம் வாங்கியவளின் கணக்கும் முடிக்கப்பட வேண்டியதுதானே?

இன்றைய சிறுகதைக்கு இவ்வளவு துய்த்தல் வேண்டாம். சில நேரம் ஒரு வாக்கியம் போதும். சில கதைகள் விளைவிலேயே நின்று, மிச்சத்தை வாசகரிடம் விட்டுவிடும். ஆனால் உச்சம் முடிந்ததும் பதறிப்போய்க் கதையை மூடுவது புதிதாக எழுதுகிறவர்களிடம் அடிக்கடி தெரிகிறது. நடந்தது யார் யாரைத் தொட்டதோ அவர்களில் ஒருவரையாவது திரும்பிப் பார்க்க வேண்டும்.

எல்லாக் கதைக்கும் இது பொருந்துமா என்றால், இல்லை. சீன, ஜப்பானிய மரபில் நான்கு பகுதி அமைப்பு ஒன்று உண்டு: எடுப்பு, தொடர்ச்சி, திருப்பம், இணைப்பு. அங்கே மோதல் கட்டாயமில்லை. மூன்றாம் பகுதியில் தொடர்பே இல்லாத மாதிரி ஏதோ வரும்; நான்காவதில் அது முதல் இரண்டோடு சேரும்போது வேறு ஒளி கிடைக்கும். ஒவ்வொரு வகுப்பும், அது எந்தக் கதைகளைப் பார்த்து வகுக்கப்பட்டதோ அந்தக் கதைகளுக்கே நன்றாகப் பொருந்தும்.

சொந்தமாக முயன்று பார்க்க

ஒரு சின்னக் கதைக்கருவை எடுத்துக்கொள்வோம். சிற்றூரில் தாயும் மகளுமாக நடத்தும் தையல் கடை. அம்மாவுக்குக் காய்ச்சல், ஒரு வாரமாக மகள் செல்விதான் கடையில். கல்யாணப் பெண்ணின் பட்டு ஜாக்கெட்டை அவள் வெட்ட வேண்டும். அளவு நோட்டில் ஒரே பெயரில் இரண்டு பேர் இருக்கிறார்கள். முகம் இவ்வளவுதான், அந்த நோட்டுதான் விதை. செல்வி எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளக் கூச்சப்படுகிறவள் என்பதும் இங்கேயே தெரிந்துவிட வேண்டும்.

தவறான அளவில் வெட்டிவிடுகிறாள். அம்மாவை எழுப்பிச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. பெண் வீட்டுக்குப் போன் செய்திருக்கலாம், செய்யவில்லை. அதே நிறத்தில் துணி கிடைக்குமா என்று கடை கடையாக அலைகிறாள். இது பிரதிமுகம். ஒவ்வொரு வழியையும் அவளுடைய கூச்சமே அடைக்கிறது.

பிறகு ஒரு வழி தெரிகிறது. வெட்டி எறிந்த துண்டுகளிலிருந்தே அக்குளுக்குக் கீழே ஒட்டுப் போட்டு, மேலே எம்பிராய்டரி வைத்து மறைக்கிறாள். கல்யாணப் பெண் போட்டுப் பார்க்கிறாள், அழகாக இருக்கிறது, தங்கைக்கும் நீயே தைத்துக்கொடு என்கிறாள். கருப்பம். செல்விக்கு நிம்மதி, நமக்கும்தான்.

இனி விளைவு. இங்கே நிறுத்துகிறேன், ஏனென்றால் இதை நீங்கள் எழுதிப் பார்க்க வேண்டும். எழுதும் முன் இரண்டு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். ஒட்டு வெளியே தெரியவரப்போவது யாரால்? முகூர்த்த நேரத்தில் தையல் தானாகப் பிரிந்தால் அது விபத்து. எம்பிராய்டரி அழகாக இருக்கிறதே என்று பெண் அதைத் தொட்டுக் காட்டி, காய்ச்சல் தெளிந்து எழுந்து வந்த அம்மாவிடமே பாராட்டினால் அது விளைவு. இந்தக் கதை முதலிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த கேள்வி எது? ஜாக்கெட் நேரத்துக்குத் தயாராகுமா என்பதா, செல்வி வாய் திறந்து சொல்வாளா என்பதா? இரண்டில் எதைத் தேர்ந்தெடுக்கிறீர்களோ அதற்கேற்ப உச்சம் இடம் மாறும்.

எழுதி முடித்ததும் நிகழ்ச்சிகளை ஒரு தாளில் வரிசையாகக் குறித்து, இரண்டு நிகழ்ச்சிக்கு நடுவே 'அதனால்' அல்லது 'ஆனாலும்' என்று போட்டுப் படியுங்கள். 'அப்புறம்' மட்டுமே பொருந்துகிற இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். திருத்தத்தை அந்தக் கோட்டிலிருந்து தொடங்கலாம்.